ஜன்னலிலிருந்து வந்த வீடியோ

குலசேகரன் அச்சுப் பத்திரிகையில் வேலை செய்தே தலை நரைத்தவர். பத்திரிகை நின்றுபோனதும், அதே ஊரில் இணையத்தில் செய்தித்தளம் நடத்திவந்த சபூராவிடம் போய்ச் சேர்ந்தார். சபூராவுக்கு அவரைவிட வயது மிகக் குறைவு.

"எனக்கு இதெல்லாம் புதுசுங்க மேடம். நீங்கதான் கத்துக் குடுக்கணும்" என்றார் முதல் நாளே.

"கேளுங்க சார். தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றார் சபூரா.

ஒருநாள் காலையில் குலசேகரன் கேட்டார்.

"அப்பெல்லாம் நமக்குச் செய்தி சொல்றவரோட முகம் தெரியும். டீக்கடையில எதிர்ல உட்காருவார். பொய் சொன்னா கண்ணுலயே தெரிஞ்சிரும். இப்ப முகமே இல்லாம வெறும் நம்பர்லேர்ந்து வருது. எப்படிங்க மேடம் நம்பறது?"

"எந்த நம்பர்?"

குலசேகரன் போனை நீட்டினார். விடியற்காலையில் வந்த வீடியோ. ஊருக்கு வெளியே இருக்கும் சாயப்பட்டறையின் பின்பக்கம். சுவரில் பதித்த குழாயிலிருந்து கருஞ்சிவப்பாகத் தண்ணீர் ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வரி: 'இதைப் போடுங்க. சின்னப் புள்ளைங்க இந்தத் தண்ணியிலதான் குளிக்குது.'

"இந்தக் குழாயைத் தேடி வருஷக்கணக்கா அலைஞ்சிருக்கேன். பட்டறைக்குள்ள ஒருத்தரும் வாயைத் திறக்கல. இப்பத் தானா வந்திருக்கு. நிஜமான்னும் தெரியல, விடவும் மனசில்ல. விட்டா வேற சேனல்காரன் போட்டிருவான். அதான் நம்ம தளத்துல ஏத்திக்கிட்டிருக்கேன்."

அவர் மேஜையிலிருந்த கணினியில் வீடியோ பாதி ஏறியிருந்தது.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினார்.

சபூரா ஹெட்போனை எடுத்து அவரிடம் கொடுத்தார். வீடியோவை ஓடவிட்டு, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"படத்தைப் பார்க்காம கேளுங்க."

குலசேகரன் கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் இரைச்சல். தண்ணீர் விழும் சத்தம். மிக அருகில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மூச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. வீடியோ முடிந்தது.

இன்னொரு முறை கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆள் கிடைச்சாச்சுங்க மேடம். உள்ள வேலை செய்யற பொம்பள. பேரே கேக்குது. அப்ப வீடியோ நிஜம்தான்."

"சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டீங்க."

"ஆமாங்க."

"அந்தப் பேரைக் கூப்பிட்டவர் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

குலசேகரன் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"சத்தத்தை எடுத்துட்டுப் போடலாமே" என்றார்.

சபூரா போனை நிமிர்த்தினார். படத்தின் ஓரத்தில் ஜன்னல் கம்பி ஒன்று தெரிந்தது.

"மேலேர்ந்து எடுத்திருக்காங்க. அந்தப் பக்கம் எத்தனை ஜன்னல் சார்?"

"ஒண்ணுதான். மாடியில. நான் வெளியிலேர்ந்து பார்த்திருக்கேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இதைப் போடவே முடியாதுங்களா? புள்ளைங்க குளிக்குதுன்னு எழுதியிருக்காங்களே."

"வீடியோவைப் போட முடியாது. குழாய் அங்கேயேதானே இருக்கு? வண்டியை எடுங்க."

கிளம்பும் முன் அந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னார் சபூரா: 'வீடியோவையும் எனக்கு அனுப்பியதையும் இந்தச் செய்தியையும் அழித்துவிடுங்கள். அழித்தது போனின் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அங்கிருந்தும் அழியுங்கள். வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.'

'அனுப்பல. அழிச்சிட்டேன்' என்று பதில் வந்தது.

இருவரும் அக்கரைக்குப் போனார்கள். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே வெகுநேரம் காத்திருந்தார்கள். சட்டையெல்லாம் முள் கிழித்தது. மதியத்துக்குமேல் குழாய் திறந்தது. குலசேகரன் தன் கையாலேயே படம் எடுத்தார். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரக்காள் என்ற பெண்ணிடமும் பேசினார்.

"எம் பேரைப் போட்டுக்கங்க. இந்தத் தண்ணியக் குடிச்சு எங்க ஆடுதான் செத்துச்சு. நான் யாருக்குப் பயப்படணும்?" என்றார் அவர்.

அன்று மாலை செய்தி வெளியானது. மாரக்காளின் பெயரும் முகமும் அதில் இருந்தன. மறுநாள் அதிகாரிகள் வந்து குழாயை அடைத்தார்கள்.

அந்த எண்ணிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. குலசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை.

"போன் பண்ணிப் பார்க்கட்டுங்களா?"

"வேண்டாம் சார்."

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களோ என்னமோ."

"இப்ப அவங்க போன் யார் கையில இருக்குன்னு நமக்குத் தெரியாது."

அதற்கும் மறுநாள் அந்த எண்ணிலிருந்து செய்தி வந்தது. குலசேகரன் அதை உரக்கப் படித்தார்.

'கேட்ல நிக்க வெச்சு எல்லார் போனையும் வாங்கிப் பார்த்தாங்க. அப்புறம் மேனேஜரே உங்க செய்தியப் போட்டுப் பார்த்துட்டு, இது அக்கரையிலேர்ந்து எடுத்தது, நம்ம ஆளுங்க இல்லைன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் வேலையிலதான் இருக்கோம். எம் மகன் இன்னிக்கு ஆத்துல குளிக்கப் போயிருக்கான்.'

குலசேகரன் நாற்காலியில் சாய்ந்தார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சபூரா மேஜைமேல் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இவரும் இந்த இரண்டு இரவும் தூங்கவில்லை என்பது குலசேகரனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவும் அவங்களாலதான் நடந்துச்சு. ஒரு தடவையாவது வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிட்டு வரணுங்க மேடம்" என்றார்.

சபூரா அவர் போனை வாங்கி, அந்த எண்ணையும் அதிலிருந்து வந்த எல்லாவற்றையும் அழித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபடி கேட்டார்.

"யாருக்கு சார்?"

குலசேகரன் அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு, "யாருன்னு எனக்கே தெரியாதுங்க மேடம்" என்றார்.