கால் சுற்று

"கழுத்தை நேராக்கிட்டேன். இப்ப பாடவே மாட்டேங்குது."

அமலதாஸ் கிதாரை மேசைமேல் வைத்தார். ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு அவருக்குத்தான். கைக்கு இல்லை.

கிதார் மகன் லிவினுடையது. சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய் ஒன்பது மாதம். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கிதாரை எடுத்துப்போக. வேறு எதற்கும் இல்லை.

கிதார் சரிசெய்யும் ரெஜினா ஒரு கம்பியை மீட்டினாள். கரகரத்தது.

"யார் திருகினது?"

"நான்தான். கழுத்து முன்னால வளைஞ்சிருந்துச்சு. உள்ளே ஓடுற இரும்புத் தண்டை அலன் கீ போட்டு இறுக்கினேன். ஸ்கேல் வச்சுப் பாரு தங்கச்சி, ஒரு நூல் பிசகாது."

"அதான் கரகரங்குது. கம்பி அதிர இடம் வேணும். ஒரு மயிரிழை வளைஞ்சுதான் இருக்கணும்."

"வளைஞ்சா கோணல்தானே?"

"உங்க பட்டறையில."

தண்டைக் கால் சுற்று தளர்த்தினாள்.

"மரம் பழைய வளைவுக்குத் திரும்ப ஒரு நாள் ஆகும். அதுவரை தொடாதீங்க."

"தொடாம எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம்."

அவர் போகவில்லை.

"நல்லாப் பாடுற கிதாரைக் கையில குடுத்தா, உட்கார்ந்து ஒரு பாட்டு வாசிப்பான். ஒரு வாய் சாப்பிடுவான். அவங்கம்மா காத்துக்கிட்டிருக்கா."

"என்ன சண்டை?"

"முடியை வெட்டச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"வேலையையும் மாத்தச் சொன்னேன்."

"வயசென்ன?"

"முப்பத்தொண்ணு."

அவள் வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் கிதாரோடு கடை வாசலில் நின்றார்.

"கரகரப்பு போகல."

தன் அலன் கீயைப் போட்டுப் பார்த்தாள்.

"எத்தனை தடவை தொட்டீங்க?"

"ரெண்டே தடவை. ரொம்பத் தளர்ந்த மாதிரி தெரிஞ்சுச்சு. லேசாத்தான் இறுக்கினேன்."

"பிள்ளை நல்லாத் தூங்குதான்னு தட்டி எழுப்பிப் பார்ப்பீங்களோ?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுபடி கால் சுற்று.

"இங்கேயே விட்டுட்டுப் போங்கண்ணே."

"அவன் வரும்போது வீட்டுல இருக்கணும்."

"அப்ப உங்க அலன் கீயைக் குடுங்க."

கொடுத்தார். ஃபிட்டர் வீட்டில் ஒரே ஒரு அலன் கீயா இருக்கும்?

சனிக்கிழமை மதியம் ஆட்டோவில் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

ரெஜினா அலன் கீயைப் போட்டுத் திருகினாள். அது எதிலும் பிடிக்காமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"தண்டு அறுந்துபோச்சு."

"ஒட்டலாமா?"

"கழுத்தோட மேல் பலகையைப் பிரிக்கணும். ஒரு மாசம் ஆகும். அப்பவும் பழைய கிதார் ஆகாது."

"நாளைக்கு வர்றான் தங்கச்சி."

அவள் அலன் கீயை உருவி வைத்தாள்.

"நல்லது பண்ணணும்னுதான் செஞ்சேன்."

"தெரியும்."

அவள் கிதாரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்ண்ணே. எடுத்து ஒரு கம்பியை மீட்டினாலே தெரிஞ்சுக்குவான், யார் வேலைன்னு."