பின் சீட்டுக்காரர்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே தையல்கடை வைத்திருந்த அர்த்தநாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனைவி நாகரத்தினம் இறந்த பிறகு அந்தக் கோபத்துக்கு நேரங்காலமே இல்லாமல் போய்விட்டது. காஜா எடுக்கிற ஊசி உடைந்தாலும் கத்துவார், உடையாவிட்டாலும் கத்துவார்.

ஊர்க்கோடியில், கரட்டுக் குன்றின் அடியில் இருந்த ஓட்டு வீட்டில் தவமணியம்மா இருந்தார். அர்த்தநாரியைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஆனாலும் அவருக்கும் இன்னும் சிலருக்கும் அந்த அம்மாதான் குரு. காவி கிடையாது, பிரசங்கம் கிடையாது. போனால் பக்கத்தில் உட்காரச் சொல்வார். கேட்டால் பதில் சொல்வார், பாதி நாள் அதுவும் சொல்ல மாட்டார். அர்த்தநாரி அவரை அம்மா என்பார். குரு அர்த்தநாரியை அண்ணா என்பார்.

அன்று சாயங்காலம் அர்த்தநாரி அந்த வாசலில் செருப்பை உதறிய வேகத்திலேயே குருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னைக்கும் வண்டி பாக்க ஆள் வந்துதுங்களாண்ணா?"

"வந்தான். போடான்னு தொரத்திட்டேன்."

வண்டி நாகரத்தினத்தினுடையது. பழைய யெஸ்டி, கருப்பு நிறம், இரண்டு பக்கமும் சைலன்சர். நாகரத்தினம் கிராம நர்ஸ். சேலைக்குள்ளே அர்த்தநாரி தைத்துக் கொடுத்த கால்சட்டை, சேலைக்கு மேலே அவர் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. அந்தக் கோலத்தில் அந்த அம்மாள் யெஸ்டியில் போகாத காடு கரை இல்லை. அர்த்தநாரிக்கு வண்டி ஓட்டப் பயம். பின் சீட்டில், ஊசி மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர் சிரித்தது. பேருக்கேற்ற ஜோடி என்று டீக்கடையில் கிண்டல் பண்ணினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. பின் சீட்டு அவருக்குப் பிடித்திருந்தது.

இப்போது வண்டி வாசலில் சும்மா நிற்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. அதனால்தான் விற்கத் துணிந்தார்.

வண்டி விற்கிறவர், ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது பின்னால் ஏறிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். சாவியோடு ஆள் கம்பி நீட்டிவிடக் கூடாதே. அர்த்தநாரியும் வந்தவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஏறி உட்கார்ந்தார். திரும்பி வந்து எல்லோரையும் துரத்தினார். ஒருவன் பிரேக் போட்ட போடில் இவர் நெற்றி அவன் முதுகில் இடித்தது. இன்னொருவன் பள்ளம் மேடு பார்க்கவில்லை. ஒருவன் கிக்கர் எங்கே சார் என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர், உதைத்த பிறகு இறக்கிவிட்டால் கியர். அதுகூடத் தெரியாதவனுக்கு எதற்கு இந்த வண்டி?

"இன்னைக்கு வந்தது யாருங்க?" என்றார் குரு.

"மல்லசமுத்திரத்துல மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராம். மெய்யரசுன்னு பேரு."

"ஓட்டத் தெரியலீங்களா?"

அர்த்தநாரி தரையில் கிடந்த குச்சியை எடுத்து ஒடித்தார்.

"பிரேக்கு?"

"நல்லாத்தான் புடிச்சான்."

"பள்ளம் மேடு?"

"பாத்துத்தான் ஓட்டுனான். புளியமரத்து வளைவுல ஹாரன்கூட அடிச்சான். அவ எங்க அடிப்பாளோ அதே எடத்துல அடிச்சான்."

"அப்புறம் என்னதான் தப்புப் பண்ணுனாரு?"

"கேக்காம எடுத்துட்டான்!" அர்த்தநாரி கத்தினார். மரத்திலிருந்த காக்கை பறந்தது. "நான் உக்காந்தனா இல்லியான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? அவ்வளவு என்ன அவசரம்?"

குரு தலையாட்டினார். அந்தக் கதை ஊருக்கே தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நாகரத்தினம் வண்டியைக் கிளப்பினாள். அர்த்தநாரி ஒரு காலைத்தான் தூக்கியிருந்தார். வண்டி போய்விட்டது, அவர் மண்ணில் கிடந்தார். விஷயம் தெரியாத நாகரத்தினம் சந்தை வரைக்கும் பின்னால் இருக்கிற புருஷனோடு பேசிக்கொண்டே போனாள். பதில் வராததால் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒரு சட்டம். பஸ் கண்டக்டர் மாதிரி அர்த்தநாரி ரைட் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் வண்டி நகராது.

சண்டை போட்ட நாட்களில் அர்த்தநாரி வேண்டுமென்றே வாயைத் திறக்க மாட்டார். ஏறி உட்கார்ந்துகொண்டு கம்மென்று இருப்பார். நாகரத்தினம் திரும்பிப் பார்க்க மாட்டாள், ஏன் என்று கேட்கவும் மாட்டாள். இவர் கோபம் இறங்கி வாயைத் திறக்கும்வரை வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

"அவன வுடுங்க," என்றார் அர்த்தநாரி. குரல் உடைந்திருந்தது, ஆனால் கோபம் உடையவில்லை. "இவளுக்கு என்ன கேடு? ஒரு நாளாச்சும் என்னைக் கேக்காம கெளம்பியிருக்காளா? அன்னைக்குக் கடைவாசல்ல என்னை எறக்கிவுட்டா. ஊசி போடற நாளு, கூட்டமா இருக்கும், மத்தியானம் சோத்துக்கு வந்தர்றேன்னா. வந்தாளா? அங்கயே நாற்காலியில உக்காந்தவ உக்காந்தபடியே போயிட்டா. எனக்கு ஒரு வார்த்தை கெடையாது. நான் என்ன மனுசனா, மண்ணாங்கட்டியா?"

குரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் வாங்கவில்லை.

"நாளைக்குக் காலையில காயலாங்கடைக்காரன வரச் சொல்லிட்டேன். ஒடச்சு எடைக்குப் போட்டுட்டுப் போறேன். எவனும் ஓட்ட வேண்டாம். எங் கோபம் எப்பத்தாம்மா தீரும்?"

"காலையில நானும் வரேன்," என்றார் குரு.

அவ்வளவுதான் பதில். அர்த்தநாரிக்கு அதற்கும் கோபம் வந்தது.

காலையில் டெம்போ வந்து வாசலில் நின்றது. காயலாங்கடைக்காரர் கயிற்றோடு இறங்கினார். குருவும் வந்து சேர்ந்தார். அந்த அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வேண்டாம் என்று தடுப்பார், நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று அர்த்தநாரி எதிர்பார்த்தார். தடுத்தால் என்ன சொல்லிக் கத்துவது என்றுகூட ராத்திரியே யோசித்து வைத்திருந்தார்.

குரு தடுக்கவில்லை.

"டெம்போவுல எதுக்குங்க ஏத்தறீங்க? ஓடற வண்டிதான? உங்க கடை வரைக்கும் நானே ஓட்டிட்டு வரேன். அண்ணா, நீங்க பின்னாடி உக்காருங்க. அந்த நீலச் சட்டை இருந்தா குடுங்க, சேலைத் தலைப்பு சக்கரத்துல மாட்டிக்கும்."

அர்த்தநாரி உள்ளே போனார். சட்டை ஆணியில்தான் தொங்கியது. யாரும் தொடாமல் தொங்கிய சட்டை. எடுத்து வந்து நீட்டினார்.

குரு அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். பெட்ரோல் திருகைத் திறந்தார். காலால் கம்பியை உள்ளே அழுத்தி மேலே தூக்கினார். உதைத்தார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. புகை வாசலை நிறைத்தது. கம்பியைக் கீழே இறக்கிக் கியராக்கினார்.

"உங்களுக்கு யாரும்மா இது சொல்லிக் குடுத்தா?"

"வேற யாரு? நாகரத்தினம் அக்காதான். நீங்க கடையில இருக்கிற நேரத்துல, கரட்டடியில வச்சுக் கத்துக் குடுத்தாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே அவ!"

"அதுக்கும் கோவிச்சுக்கங்க. இப்ப ஏறுங்க."

அர்த்தநாரி ஏறினார். கை தானாகவே சீட்டின் விளிம்பைப் பிடித்தது. அந்த ரெக்சின் உறை அவர் தைத்தது. முன்பக்கம் ஒரு முறையும் பின்பக்கம் மூன்று முறையும் மாற்றித் தைத்திருக்கிறார். கண்ணுக்கு முன்னால் நீலச் சட்டையின் முதுகு. தோள்பட்டையில் அவர் போட்ட இரட்டைத் தையல் இன்னும் பிரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் இன்னும் மோசமாக இருந்தது, திறந்துகொண்டார்.

காயலாங்கடைக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அவர் தொழில்.

"ஓட்டிட்டு வந்தாலும் செரிதானுங்க. சீட்ட மட்டும் இங்கயே கழட்டிப் போட்டுட்டு வாங்க. ரெக்சினும் பஞ்சும் எடைக்கு ஆகாது. குப்பையிலதான் போடோணும்."

சீட்டை ஒரு தட்டுத் தட்டியும் காட்டினார்.

"கையை எடு!" அர்த்தநாரி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "எது குப்பை? யார் வண்டியில வந்து கை வெக்கிற? போயா! டெம்போவ எடுத்துட்டுப் போயா மொதல்ல!"

"நீங்கதானுங்க வரச் சொன்னீங்க…"

"நான் ஆயிரம் சொல்லுவேன். போ!"

அந்த மனிதர் குருவைப் பார்த்தார். குரு முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ முனகிக்கொண்டே அவர் டெம்போவில் ஏறிப் போய்விட்டார்.

வாசலில் வண்டி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. அர்த்தநாரிக்கு மூச்சு வாங்கியது. திட்டுவதற்கு அக்கம்பக்கத்தில் இனி யாரும் மிச்சமில்லை.

"இப்ப எங்கீங்கண்ணா போறது?" என்றார் குரு.

அர்த்தநாரியின் கை சீட்டின் தையலைத் தடவிக்கொண்டே இருந்தது.

"மல்லசமுத்திரம்," என்றார் கடைசியில். "அந்தக் கம்பவுண்டர் வீட்டுக்கு. நல்லா ஓட்டுனான். புளியமரத்துக்கிட்ட ஹாரன் அடிச்சான்."

"வண்டிய அவருக்கே குடுத்தர்லாங்களா?"

"குடுத்தர்லாம்."

"திரும்பி வரும்போது பஸ்சுலதான் வரோணும்."

"தெரியும்."

குரு கிளச்சைப் பிடித்தார். கியரைப் போட்டார். ஆனால் வண்டி நகரவில்லை.

அர்த்தநாரி காத்திருந்தார். முன்னால் நீலச் சட்டை திரும்பவில்லை, அசையவும் இல்லை. அவருக்குப் பழையபடி சுருக்கென்று வந்தது.

"அதான் எங்க போகோணும்னு சொல்லிட்டனே! இன்னும் எதுக்கு நிக்கறீங்க?"

குரு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நீங்க இன்னும் ரைட் சொல்லலீங்களேண்ணா."

அர்த்தநாரி வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. குருவும் அவசரப்படுத்தவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.