தாளம் போட்ட வால்

ஒரு காட்டில் கிளுவையன் என்றொரு பச்சோந்தி. பெருமை பேச ஆரம்பித்தால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மனைவி பெயர் மஞ்சணத்தி. இருவருக்கும் ஒரே மகன், துளிரன்.

பச்சோந்திகள் வீட்டில் பேச்சைவிட நிறம்தான் கணக்கு, குழந்தைகளே. பயந்தால் கறுப்பார்கள். வெட்கப்பட்டால் மஞ்சளாவார்கள். துளிரனோ எதற்கும் பச்சை. இடி இடித்தாலும் பச்சை, தலைக்கு மேல் பருந்து பறந்தாலும் பச்சை.

"என் மகனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது!" என்று கிளுவையன் காடெல்லாம் சொல்லித் திரிந்தான்.

துளிரனிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதுக் கிளைக்குக் கூட்டிப் போனாலோ, யாராவது சத்தம் போட்டாலோ, வாலால் கிளையை 'டொக் டொக்' என்று தட்டுவான்.

"தாள ஞானம்! பிறவி வித்வான்!" என்றான் கிளுவையன். மரம் மரமாகக் கூட்டிப்போய் எல்லாருக்கும் தட்டிக் காட்டவைத்தான்.

"ஏங்க, வீட்டில இருக்கிறப்ப இவன் தட்டுறதே இல்லையே?" என்று கேட்டாள் மஞ்சணத்தி.

"வித்வானுக்குச் சபை வேணும்டி. உன் முன்னாடி வாசிச்சு என்ன ஆகப்போகுது?" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

இருவாச்சிப் பறவையின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. காடே திரண்டிருந்தது. கிளுவையன் மகனைக் கொண்டுபோய் நடுக்கிளையில் உட்காரவைத்து, "அடுத்து என் மகனோட கச்சேரி!" என்று அறிவித்தான்.

அத்தனை கண்களையும் பார்த்ததும் துளிரனின் வால் 'டொக் டொக்' என்றது.

"பேஷ்!" என்று கரடியார் கைதட்டினார். வால் வேகமெடுத்தது. குரங்குக் கூட்டமும் கைதட்டியது. வால் பறந்தது. யானையார் எழுந்து குதிக்கவே ஆரம்பித்துவிட்டார். கல்யாணப் பெண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளுவையனுக்கோ தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் மகனின் வால் நுனியில் ரத்தம் கசிவதைப் பார்த்தான். "டேய், நிறுத்துடா! வலிக்கலையா?" என்று பதறிக்கொண்டு ஓடினான்.

துளிரன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அவங்க கைதட்டினா பயமா இருக்கு. பயம் வந்தா வால் தட்டும். வால் தட்டினா அவங்க கைதட்டுறாங்க. நான் எப்பப்பா நிறுத்துறது?"

"பயமா? நீ பச்சையாத்தானேடா இருக்கே!"

"உங்களுக்குப் பயம் தோலில வருது. எனக்கு வாலில வருது."

கிளுவையனின் முகம் கறுத்தது, பிறகு உடம்பெல்லாம் கறுத்தது. பிள்ளையை மரம் மரமாகக் கொண்டுபோய்த் தட்டவைத்ததை நினைத்தபோது அழுகை வந்தது. அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டான்.

"ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார் கரடியார்.

"யாரும் கைதட்டாதீங்க!" என்றான் கிளுவையன். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று மஞ்சணத்திகூட எதிர்பார்க்கவில்லை.

காடு கப்சிப் என்றானது. அப்பாவின் முதுகில் வால் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு மெதுவாக அடங்கியது.

கரடியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னப்பா இது? நல்லா வாசிச்சுக்கிட்டிருந்த பிள்ளையை இறக்கிட்டியே!"

"அவன் எங்கே மாமா வாசிச்சான்? காப்பாத்துங்கன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தான். நாமதான் கைதட்டிக்கிட்டிருந்தோம்."

நீதி: பிள்ளையின் பயம் நாம் தேடும் இடத்தில் இல்லாமல் போகலாம், அது எங்கே இருக்கிறது என்று பிள்ளையையே கேள்.