வெத்துப்பூ மேல வந்த வழக்கு

"நான் கடிச்சேனா? எங்க கடிச்சேன்? தழும்பைக் காட்டுங்க மயிலண்ணே. மூங்கிலைக் குடைஞ்சேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். வீடு வேணும், குடைஞ்சேன். மூங்கிலைக் குடையறவ பூசணிப் பிஞ்சையும் குடைவான்னு சொல்றீங்களே, அது என்ன நியாயம்? நீங்க மழைக்கு ஆடுறவரு. மழை வராத வருஷம் உங்களைக் கட்டிவெச்சு உதைச்சாங்களா?"

ஒரு காட்டுல, ஒரு முயல் குடும்பத்தோட வீட்டுக் கொல்லையில நின்னு இப்படித்தான் கத்திக்கிட்டிருந்தா மையழகி. அவ ஒரு கருவண்டு. கருகருன்னு உடம்பு, நீலம் மினுக்குற றெக்கை. வேலையில படு சூட்டிகை. வாய் அதைவிடச் சூட்டிகை.

அதுக்கு மயில் என்ன சொன்னாருன்னு இந்தக் கதையில வராது பிள்ளைங்களா. அவர் சொன்னதை ஏற்கெனவே காடு முழுக்கச் சொல்லியாச்சு. மையழகி சொன்னதைத்தான் யாரும் இன்னும் கேக்கல.

விஷயம் இதுதான். முயல் வீட்டுக் கொல்லையில கத்தரி, அவரை, ரெண்டு பப்பாளி, வேலி ஓரமா ஒரு பூசணிக்கொடி. அவரைப் பந்தலுக்கு நாலு மூங்கில் கால். அதுல தெக்குப் பக்கத்துக் காலுக்குள்ளதான் மையழகி வீடு. உள்ள ஆறு அறை, அறைக்கு ஒரு முட்டை.

பூசணிக்கொடி வேலியைத் தாண்டி ஓடுது. ஆனா காய் மட்டும் நிக்கல. பிஞ்சு வரும், கோலிக்குண்டு அளவு ஆகும், நுனி மஞ்சளடிச்சு விழுந்துடும். பொங்கல் படையலுக்குப் பூசணி வேணுமேன்னு முயல் வீட்டுல ஒரே கவலை.

மயிலுக்குச் செடி கொடியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா எதைக் கேட்டாலும் கழுத்தை நிமிர்த்திக்கிட்டுப் பதில் சொல்லுவாரு. காட்டுல அந்தக் கழுத்துக்குத்தான் மரியாதை. அவர் தீர்ப்பு சொல்லிட்டாரு: பிஞ்சைக் கடிக்கிறது வண்டு, அதனால வண்டு இருக்கிற மூங்கிலைப் பிடுங்கி அடுப்புல வைக்கணும்.

வீட்டுக்கார முயல் செவியப்பன், மூங்கில்ல கயிறு கட்டி இழுக்கத் தயாரா நின்னான்.

"செவியப்பண்ணே, கயிறை விடுங்க. உள்ள என் புள்ளைங்க இருக்கு" என்றா மையழகி.

"என்னை ஏம்மா கேக்கிற? மயிலண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நான் சொன்னா?"

"நீ சொன்னாலும் சரியாத்தான் இருக்கும். ஆனா அவரு முதல்ல சொல்லிட்டாரு."

இந்த ஆளோட பேசிப் பிரயோசனம் இல்லைன்னு மையழகிக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் பொண்டாட்டி பஞ்சம்மா பக்கம் திரும்பினா. பஞ்சம்மா வேற மாதிரி. சொன்னவங்க யாருன்னு பாக்க மாட்டா. சொன்னது இருக்கான்னு போய்ப் பாப்பா.

"பஞ்சக்கா, விழுந்த பிஞ்சு ஒண்ணை எடுங்க. திருப்பித் திருப்பிப் பாருங்க. கடிச்ச தடம் இருக்கா?"

பஞ்சம்மா எடுத்தா. திருப்பினா. மோந்துகூடப் பாத்தா. "கடியும் இல்ல, ஓட்டையும் இல்ல. நுனிதான் சொத்தையாகியிருக்கு. கடிக்காமலே எப்படிம்மா விழும்?"

இதுக்கும் மயில்தான் பதில் சொல்ல ஆரம்பிச்சாரு.

"இருங்கண்ணே. அக்கா கேட்டது என்னை. நீங்க இந்த மாசத்துக்குப் பேச வேண்டியதைப் பேசி முடிச்சாச்சு" என்றா மையழகி. "அக்கா, இந்தக் கொடியில ரெண்டு விதமாப் பூ வருதே, பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். ஒண்ணு, அடியில குட்டிப் பிஞ்சோட வரும். இன்னொண்ணு வெறும் காம்பு, வெத்துப்பூ. உரத்தையும் தண்ணியையும் தண்டமாத் தின்னுதுன்னு மயிலண்ணன் பறிச்சிடச் சொன்னாரு. நமக்கேன் சிரமம்னு அவரே தினம் விடியறதுக்குள்ள வந்து பறிச்சிட்டுப் போயிடறாரு."

"பாவம், எவ்வளவு சிரமம். பறிச்ச பூவெல்லாம் எங்கக்கா போகுது?"

பஞ்சம்மா மயில் வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தா. சொல்லித்தான் தெரியணுமா? அது மார்கழி மாசம். மயில் வீட்டு வாசல்ல கோலம், கோலத்து மேல சாணி உருண்டை, உருண்டைக்கு ஒரு பூசணிப்பூ. மத்த வீட்டு வாசல்ல ஒண்ணு வெச்சாப் பெரிசு. மயில் வீட்டுல இருபத்திரண்டு. போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போவாங்க. அவரும் அவங்க பாக்குறதை நின்னு பாத்துட்டுத்தான் உள்ள போவாரு.

"அந்த வெத்துப்பூதான்க்கா ஆண்பூ" என்றா மையழகி. "பிஞ்சோட வர்றது பெண்பூ. ஆண்பூவுல மஞ்சப்பொடி இருக்கும். நான் உள்ள நுழைஞ்சா என் முதுகுல அப்பிக்கும். அந்த முதுகோட போய்ப் பெண்பூவுக்குள்ள புரண்டாத்தான் பிஞ்சு நிக்கும், காயாகும். நான் வெயில் ஏறி வந்து பாத்தா ஒரு ஆண்பூ கிடையாது. வெறும் முதுகோட போறேன், வெறும் முதுகோட வர்றேன். பிஞ்சு விழுறப்ப பக்கத்துல நிக்கிறது நான். அதனால நான் திருடி. விடியக்காலையில கூடையோட வந்துட்டுப் போறவரு தோட்டத்துக்குப் பெரியவரு."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"ரெண்டு தடவை சொன்னேன். செவியப்பண்ணன் தலையாட்டினாரு."

செவியப்பன் அதுக்கும் தலையாட்டினான்.

மயில் தோகையை விரிச்சாரு. விரிச்சுக்கிட்டே நீளமா என்னமோ சொன்னாரு.

"கதை கட்டுறேனா? சரி, கதையாவே இருக்கட்டும். பஞ்சக்கா, இவ்வளவு பெரிய கொடியில ஒரு காய்கூடவா நிக்கல?"

"ஒண்ணே ஒண்ணு நிக்குது. முள்வேலிக்கு உள்ள, காரை முள்ளுப் புதர்ல."

"அது மட்டும் ஏன் நின்னுச்சு? போய்ப் பாருங்க. பக்கத்துல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

பஞ்சம்மா காதை மடக்கிக்கிட்டு முள்ளுக்கு அடியில புகுந்தா. அதுக்குள்ள சத்தம் கேட்டு வந்த அணிலு, கீரி, நாலஞ்சு காடை எல்லாம் வேலி ஓரமாக் கூடிடுச்சுங்க. மையழகி மூங்கில் ஓட்டை வாசல்லயே உக்காந்திருந்தா. கயிறு இன்னும் செவியப்பன் கையிலதான் இருந்துச்சு.

"காய் இருக்கு" புதருக்குள்ளேருந்து பஞ்சம்மா குரல் வந்துச்சு. "என் தலை அளவு வந்திடுச்சு. பக்கத்துல வெத்துப்பூ மூணு. ரெண்டு வாடிக் கிடக்கு, ஒண்ணு இன்னிக்குப் பூத்தது. யாரும் பறிக்கல."

"ஏன் பறிக்கலயாம்?" என்று கேட்டுச்சு அணில், ஒண்ணும் தெரியாத மாதிரி.

"எப்படிப் பறிக்க? ஒரே முள்ளு. தோகை வெச்சிருக்கிறவங்க இங்க நுழைய முடியாது."

காடைங்க ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிச்சுங்க. கீரிக்குத் திடீர்னு இருமல் வந்துடுச்சு. செவியப்பன் குனிஞ்சு மூங்கில்லேருந்து கயிறை அவுத்தான். யாரும் சொல்லாம அவன் தானாச் செஞ்ச முதல் காரியம் அதுதான்.

இத்தோட மயில் போயிருக்கலாம். போகல. என்ன இருந்தாலும் வெத்து வெத்துதான்னு கழுத்தை நிமிர்த்திக்கிட்டு இன்னொரு தடவை ஆரம்பிச்சாரு.

மையழகி விர்ருன்னு பறந்து பந்தல் உச்சியில உக்காந்தா.

"ஓகோ. தான் காய்க்காதது எதுவும் கொல்லையில இருக்கக் கூடாது. அதானே உங்க சட்டம்? நல்ல சட்டம்ணே. எல்லாருக்கும் ஒண்ணா இருந்தா நானும் கட்டுப்படுறேன், என் புள்ளைங்களோட இப்பவே காலி பண்றேன். உங்க வீட்டுல அஞ்சு குஞ்சு ஓடுது. அழகான குஞ்சுங்க. அண்ணி முட்டை போட்டு, அண்ணியே அடைகாத்ததை நாங்க எல்லாரும் பாத்தோம். உங்க பங்குக்கு நீங்க போட்ட முட்டை எத்தனை? வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன்னு நழுவ வேண்டாம். அணிலு நிக்குது, கீரி நிக்குது, காடைங்க நிக்குது. இங்கயே, இந்தப் பந்தலுக்கு அடியில, எல்லார் காதும் கேக்கச் சொல்லுங்க."

நீதி: காய்க்கலைன்னு ஒண்ணைப் பறிச்சு எறியறதுக்கு முன்னாடி, காய்க்கிறது எதனால காய்க்குதுன்னு தெரிஞ்சுக்கணும்.