வாத்தியார் வைத்த பெயர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஆவுடைத்தாய். என் கடைசி மகள் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐப்பசி மாதம் அது. பக்கத்துக் கட்டிலில் ஆவுடைத்தாயின் மாமியார். ஆண்டவன் புண்ணியத்தில் இரண்டு பேரும் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கதை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

"அம்மா, அந்த நாய்க்குட்டியை யார்கிட்டயாவது கொடுத்துருங்க."

இப்படிக் கேட்டவர் பூதலிங்கம் வாத்தியார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை நடுங்க வைத்தவர். மனைவி போன பிறகு வீட்டுச் சாவியை மகள் கையில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்து மடத்துக்கு வந்திருந்தார். ஒரு மந்திர உபதேசம் வேண்டும். அது போதும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

அந்த உபதேசம் தரவேண்டிய மடத்து அம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

வந்த அன்றே அவள் சொல்லியிருந்தாள். "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் வாய் திறக்காம உட்காருங்க. நடுவுல ஒரு சொல் வந்தாலும் மறுநாள் ஒண்ணாம் நாள்தான். முடிச்சிட்டு வாங்க, சொல்றேன்."

இப்போது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எத்தனாம் நாள்?"

"பத்தொன்பது. மடியில ஏறி மூக்கை நக்கிட்டுது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"'சீ போ'ன்னுட்டேன்."

"போச்சா?"

"மண்டலம் போச்சு. குட்டி போகலை."

"அதைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"எப்படிக் கூப்பிட? நீங்க இன்னும் பேரே வைக்கலியே."

"எப்பவும் அதுகிட்ட என்ன பேசுவீங்களோ, அதைப் பேசுங்க."

வாத்தியார் விறகுக் கட்டுப் பக்கம் திரும்பினார். "சீ போ."

விறகுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த குட்டி எழுந்தது. காது இரண்டும் அடித்துக்கொள்ள ஓடி வந்து, அவர் காலில் விழுந்து வயிற்றைக் காட்டியது.

"நான் 'தோ தோ'ன்னா திரும்பிக்கூடப் பார்க்காது" என்றாள் அம்மை. "'சீ போ'ன்னும் சொல்லிப் பார்த்துட்டேன். உங்க குரல்ல சொன்னாத்தான் அது பேரு."

"இனிமே அதுகிட்ட நான் பேசினா கேளுங்க."

"உங்க இஷ்டம்."

மறுநாள் வாத்தியாருக்கு ஒன்றாம் நாள்.

மடத்தில் பூவாத்தா என்று ஒரு கிழட்டு நாய். குட்டி வந்த அன்றே மோந்து பார்த்துவிட்டு, தன் சாக்கில் பாதி இடம் விட்டது.

தாசில்தார் என்று ஒரு பூனை. குட்டியின் மூக்கில் ஓர் அறை விட்டு அதிகாரத்தைக் காட்டியது. அப்புறம் அதன் முதுகிலேயே தலை வைத்துத் தூங்கியது.

ஒரு பெட்டைக் கோழி. அது யாரையும் மதிப்பதில்லை.

வாத்தியார் முன்வாசலில் ஓடையைப் பார்த்து உட்காருவார். குட்டி அவருடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, பக்கத்தில் வைத்து, அதன்மேல் தலை சாய்த்துக்கொள்ளும்.

அவர் பேசவில்லை.

இருபதாம் நாளும் போயிற்று. முப்பதாம் நாளும் போயிற்று.

நாற்பதாம் நாள் தாசில்தார் அவருடைய சால்வையை விரிப்பாக்கிப் படுத்திருந்தது. அவர் வெறுந்தரையில் உட்கார்ந்தார். அம்மை பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

நாற்பத்தெட்டாம் நாள்.

மத்தியானமே மலைமேல் மழை. வாத்தியார் குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்தார். பக்கத்தில் செருப்பு வரவில்லை.

முக்கால் மணி ஆகியிருக்கும். ஓடைப் பக்கம் அம்மையின் குரல். "தோ... தோ... வாடா. வாடா இங்க."

கோழியைத் துரத்திப் போன குட்டி, ஓடை நடுவில் ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தது. கோழி பறந்து கரைக்கு வந்துவிட்டது. குட்டிக்குப் பறக்கத் தெரியாதே. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அம்மை முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அவள் ஓர் அடி வைத்தால் குட்டி மிரண்டு ஓர் அடி பின்னால் போயிற்று. பின்னால் பள்ளம்.

அவள் நின்றுவிட்டாள். திரும்பி வாத்தியாரைப் பார்க்கவில்லை.

இன்னும் கால் மணி நேரம்.

வாத்தியார் எழுந்தார்.

"சீ போ."

மழையில் அது கேட்கவில்லை. அவர் படியிறங்கி ஓடினார்.

"சீ போ. சீ போடா, என் ராசா. இங்கதான் இருக்கேன். சீ போ."

குட்டியின் காது நிமிர்ந்தது. குரல் வந்த பக்கம் பார்த்தது. ஒரே தாவு.

இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் அதை வாங்கிக்கொண்டார்.

வாசலில் அம்மை ஒரு துண்டை நீட்டினாள். அவர் குட்டியைத் துவட்டினார். காது மடலுக்குள்ளே, விரல் இடுக்கிலே, வால் நுனி வரைக்கும். துண்டு நனைந்துபோயிற்று. அவர் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நாளைக்கு ஒண்ணாம் நாளும்மா" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. ரொம்ப இல்லை.

"கிட்ட வாங்க."

"எதுக்கு?"

"காதைக் கொடுங்க."

அவர் குட்டியை இறக்கிவிடாமலே குனிந்தார்.

அம்மை சொன்னாள்.

இந்த இடத்தில் ஆவுடைத்தாய் நிறுத்திக்கொண்டாள். மாமியாருக்கு வெந்நீர் ஆற்றத் தொடங்கிவிட்டாள்.

"என்ன சொன்னாளாம்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? அது அவரு காதுல சொன்னதுல்லா."

கதை அவ்வளவுதான். கேட்டவர்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். இன்றைக்குப் படுக்கப் போகுமுன், உங்கள் வீட்டு நாய்க்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.