பிலோமினாவின் இடது கை

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டி ஒரு மக்ரூன் இனிப்புக் கடை இருந்தது. அதை நடத்தியவர் பிலோமினா. அவருடைய இரண்டு கைகளும் அக்காவும் தங்கையும் மாதிரி. பெயரெல்லாம் அக்காவான வலது கைக்குத்தான். முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்தது அது. செக்கிலும் ரசீதிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டதும் அதுவே. தங்கை பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஒருநாள் காலையில் பிலோமினா அடுப்படியில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் மடியில் கிடந்தது.

“எந்திரி அக்கா” என்று இடது கை அதை நீவிவிட்டுப் பார்த்தது.

“நான் அவ்வளவுதான். இனி நீதான் எல்லாம்.”

பிலோமினாவுக்குக் கல்யாணமில்லை, பிள்ளையுமில்லை. சின்ன வயதில் வேலைக்கு வந்த செல்வராணிதான் கூடவே நின்று கடையை வளர்த்தாள். இப்போது அவருக்கு ஊட்டிவிடுவதும் அவளே. உறவென்று இருந்தவன் அண்ணன் மகன் எட்வின் ஒருவன். பார்க்க வந்தவன், வாசலில் நின்று போனில் பேசினான். “அத்தைக்குப் பிறகு கடையை இடிச்சிட்டு லாட்ஜ் கட்டிரலாம்.”

அது பிலோமினாவின் காதில் விழுந்தது. அன்றைக்கே வக்கீலை வரவழைத்தார்.

“நான் ஒண்ணும் எழுதி வைக்காட்டி கடை யாருக்குப் போகும்?”

“ரத்த சொந்தத்துக்கும்மா. செல்வராணிக்கு ஒரு செங்கல்கூட வராது.”

“அப்ப எழுதுங்க. அப்பா வச்சிட்டுப் போன தென்னந்தோப்பு எட்வினுக்கு. நான் உழைச்சு வாங்கின கடை அவளுக்கு.”

வக்கீல் எழுதிப் படித்துக் காட்டினார். “சாட்சிக்கு நான் கையெழுத்துப் போடட்டுமாம்மா?” என்றாள் செல்வராணி.

“நீ போட்டா உனக்கு எழுதினதே செல்லாமப் போயிரும். இதுல எதுவும் வாங்காத ரெண்டு பேர் வேணும்” என்று வக்கீல் தடுத்தார்.

டாக்டர் மும்தாஜும் எதிரே வலைக்கடை வைத்திருந்த ஜெபமணியும் வந்தார்கள். டாக்டர் பிலோமினாவிடம் பேச்சுக் கொடுத்து, அவர் தெளிவாக இருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்டார்.

பேனா இடது கைக்கு வந்தது. எழுதிப் பழகாத கை, பேனா நழுவி உருண்டது.

“இங்க பெருவிரல் ரேகை வச்சாப் போதும்மா, சட்டப்படி செல்லும்” என்று வக்கீல் மைப்பெட்டியைத் திறந்தார்.

இடது கை கூசியது. “கையெழுத்துன்னா நீதான் அக்கா. நான் மையை அப்பினா ஊர் சிரிக்கும்.”

“நான் கையெழுத்துப் போட்டப்பல்லாம் காகிதம் நகராமப் பிடிச்சது யாரு? இன்னைக்கு நான் பிடிக்கிறேன், நீ வை.”

மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்தது. பிலோமினா இடது கையால் வலது கையைத் தூக்கி அதன் ஓரத்தில் வைத்தார். காகிதம் அடங்கியது. இடது பெருவிரல் மையைத் தொட்டது. உயிலின் மேல் நிமிர்ந்து இறங்கியது. சாட்சிகள் இருவரும் அவர் கண்ணெதிரே கையெழுத்திட்டார்கள்.

சில வருடங்களில் பிலோமினா காலமானார். எட்வின் கோர்ட்டுக்குப் போனான்.

“அத்தை படிச்சவங்க. அவங்க கையெழுத்து எங்க? இது யாரோ அப்பின மை!”

“அவங்க தெளிவா இருந்தாங்க. தன் விரலால வச்சாங்க. நான் பார்த்தேன்” என்றார் டாக்டர். ஜெபமணியும் அதையே சொன்னார்.

பிறகு கடையின் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து உயிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கடை வாங்கிய அன்று பத்திர ஆபீஸில் பிலோமினாவின் இடது பெருவிரல் ரேகையையும் வாங்கியிருந்தார்கள். அது இடது கைக்கே மறந்துபோயிருந்தது. நிபுணர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சுழிக்குச் சுழி பொருந்தியது. கடை செல்வராணிக்கே என்று தீர்ப்பானது.

பத்திரத்திலிருந்த கையெழுத்து உயிலை எட்டிப் பார்த்தது. “ஊர் சிரிக்கும்னு பயந்தியே, இப்ப என்ன சொல்றே?”

“உன்னைப் பார்த்து எழுத ஊருல நாலு பேர் இருப்பாங்க அக்கா” என்றது ரேகை. “என்னை எழுதணும்னா பிலோமினாவேதான் பிறந்து வரணும்.”