கொதிக்காத தண்ணீர்

முதலில் அதிகாரிகள் எங்கள் மீனவர் சங்கத்தின் ஏரிக் குத்தகையைப் பறித்து வெளியாளுக்குக் கொடுத்தார்கள். அடுத்து, வலையோடு கரையில் நின்றவர்களைத் திருடர்கள் என்றார்கள். பிறகு, ஏன் என்று கேட்டவர்களை உள்ளே தள்ளினார்கள். கடைசியில், நாங்கள் போராடி மீட்ட ஏரியைத் தாங்களே மனமிரங்கிக் கொடுத்ததாகக் கல் நட்டார்கள்.

அந்தக் கல்லைச் சங்கம் பிடுங்கிப் போட்டது. புதுக் கல்லில் யார் பெயர் என்பதைத் தோழர் வரதன் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. எங்களுக்குத் துண்டறிக்கை படிக்கக் கற்றுத் தந்தவர் அவர். ஒருவர் படிப்பார், மற்றவர்கள் டீ ஆறுவது தெரியாமல் கேட்போம். இப்போது கூட்டம் என்றால் முதலில் பிரியாணி உண்டா என்கிறார்கள்.

செயலாளர் மாசிலாமணி அவருடைய மாணவர். கல்லில் தன் பெயர்தான் என்று நம்பியிருந்தார். நம்பியதில் தப்பில்லை. அவர் மெகாபோன் எடுத்தால் பஸ் நிற்கும்.

கல் நடும் நாளன்று வானம் மூட்டம். சங்கத்துக் குளத்தில் மீன்குஞ்சுகள் தண்ணீரில் காற்றுப் போதாமல் மேலே வந்து வாய் பிளந்தன. அவை செத்தால் அந்த ஆண்டு ஏரியில் விட மீன் இல்லை.

மாசிலாமணி காற்று மோட்டாரைப் போட்டார். காற்றைத் தடுக்கிறது என்று, குழாய் நுனியில் குமிழைப் பொடியாக்கும் துளைக்கல்லைக் கழற்றி எறிந்திருந்தார். குமிழ்கள் உருண்டை உருண்டையாகப் பாய்ந்து வந்து வெடித்தன. தண்ணீர் முழங்கால் உயரம் துள்ளியது. சனம் கை தட்டியது. குஞ்சுகள் வாயை மூடவில்லை.

"எப்படிக் கொதிக்குது பாருங்க தோழர்."

"குழம்பா வைக்கப் போற?"

வரதன் சேற்றில் துழாவித் துளைக்கல்லை எடுத்து மாட்டினார். துள்ளல் அடங்கியது. அரிசி கழுவிய நீர்போல வெள்ளையாக ஒரு தூண் எழுந்தது. பொடிக் குமிழ்கள் அவசரமில்லாமல், அடித் தண்ணீரையும் மேலே இழுத்துக்கொண்டு வந்தன. மோட்டார் கெட்டுவிட்டது என்று சிலர் கலைந்தார்கள். மாசிலாமணிக்கு முகம் சுண்டிவிட்டது.

குஞ்சுகள் தூணைச் சுற்றிக் கூடின. வெகுநேரம் கழித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். "நிறையக் குமிழ் மேலே வரவே இல்லையே தோழர். எங்கே போச்சு?"

"மீனுக்குள்ள."



வரதன் எல்லோரையும் புதுக் கல்லருகே சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்தினார். நாங்கள் சிறையிலிருந்தபோது ஒருத்தி வீடு வீடாகப் போய், ஏரியில் உரிமையில்லை என்று குத்தகைக்காரன் நீட்டும் தாளில் கைநாட்டு வைக்காதே என்று பெண்களின் காதோடு சொன்னதை நினைவூட்டினார். யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். ஆறுமுகம் பெண்சாதி. சாகும்வரை அவளை அப்படித்தான் அழைத்தோம்.

வரதன் கரித்துண்டால் கல்லில் எழுதினார். நிமிர்ந்து, உரக்கப் படித்தார்.

"பூங்காவனம்."